உப்புக் குறைத்த நான்காம் இதழ்

கதை என்னுடையது. படம் சியூ வென்னுடையது.
கடன் இருவருக்கும் பொது.

வில்லன் பக்கிரிசாமிக்கு ஒரே ஒரு வித்தை:
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பான்.
முதல் இதழில் பூசணியேதான்.
இரண்டாவதில் தங்கக்கட்டி, இரட்டைக் கணக்குப் புத்தகம்,
சாங்கியில் வந்திறங்கிய பெயரில்லாத பெட்டி.
மூன்றாவதில் கணக்குத் தணிக்கையாளர் ஒருவரை,
கழுத்துப்பட்டையோடு.
மேலே ரசம் ஊற்றி அப்பளத்தைச் சாய்த்துவிட்டால்
மோப்ப நாய்க்கும் பசிதான் எடுக்கும்.

சியூ வென்னுக்குத் தமிழ் தெரியாது.
"ஏன் பூசணி?" என்றாள்.
"நாங்கள் அப்படித்தான் சொல்வோம்."
"எல்லாருமா? தினமுமா?"
"குடும்பத்துக்குள் கொஞ்சம் அதிகமாக."
அவள் சிரிக்கவில்லை.
மறுநாள் ஆரஞ்சு மை இரண்டு புட்டி வாங்கிவந்தாள்.

பிடிக்க வருபவள் இன்ஸ்பெக்டர் தில்லைநாயகி.
துப்பாக்கி உண்டு, சுட்டதில்லை.
சட்டைப்பையில் ஒரு பொட்டலம் கல்லுப்பு.
சந்தேகப்பட்டவன் தட்டில் ஒரு சிட்டிகை;
தப்பு செய்தவன் தின்றால்
தண்ணீர் குடித்தே ஆகவேண்டும்.
இரண்டாம் இதழில் ஒரு நிறுவனமே,
தலைவர் முதல் வரவேற்பு மேசை வரை,
பெடோக் நீர்த்தேக்கக் கரையில் மண்டியிட்டுக் குடித்தது.
நூற்றுப் பத்து வாய்கள். வரைய ஒன்பது நாள்.

துணைக்குத் தடயவியல் நோராஷிகின்:
ஒரு சோற்றைத் தொட்டால் போதும்,
பானை முழுவதும் வாக்குமூலம் கொடுக்கும்.

மானியக் குழுவிலிருந்து கடிதம் வந்தது.
படைப்பு மிகச் சிறப்பு. சில சிறு கருத்துகள்.
நாயகி இப்படி உப்பைத் தூவுவது
பிள்ளைகளுக்கு நல்ல முன்னுதாரணமா?
ஒரு சோறு என்பது மாதிரி அளவுக்குப் போதாது,
முப்பதாவது வேண்டும்.
பூசணி இருக்கலாம், நார்ச்சத்து உள்ளது.
சோறு மட்டும் பழுப்பரிசி ஆகட்டும்.

கூட்டம் பதினேழாம் மாடியில்.
ஐந்து பேர். ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி.
நான் மூடிகளை எண்ணினேன், தொழில் புத்தி.
"சோடியம் குறைந்த உப்பு என்றால்?" என்றார் நடுவில் இருந்தவர்.
"குற்றவாளிக்குத் தாகம் எடுக்காதே."
"லேசாக எடுக்கலாமே."
அவர் புட்டி காலி. பக்கத்தில் இருந்தவருடையதும்.
மானியம் எட்டாயிரம் வெள்ளி.
அச்சுக்கூலி பாக்கி ஆறாயிரம்.
சரி என்றேன்.
என்னுடையதும் காலியாகியிருந்தது,
எப்போது குடித்தேன் தெரியவில்லை.

நான்காம் இதழில் தில்லைநாயகி தூவுகிறாள்.
பக்கிரிசாமி உதட்டை நக்குகிறான். அவ்வளவுதான்.
ஒரு வாய் பார்லி, அதிலும் சர்க்கரை குறைவு.
"சட்டப்படி இது தாகம் ஆகாது" என்கிறார் அவன் வக்கீல்.
நோராஷிகின் இன்னும்
பத்தொன்பதாவது சோற்றில் இருக்கிறாள்.
குமிழிக்குள் தமிழ் அடங்குவதும் இல்லை;
'குற்றஞ்சாட்டப்பட்டவர்' என்று எழுதினால்
அவர் முகமே மறைந்துபோகிறது.
அவன் தட்டை எடுத்துப்போய்
ஒழுங்காகத் தட்டுச்சட்டத்தில் வைத்துவிட்டு,
நல்ல குடிமகனாக நடந்து போகிறான்.

தோ பாயோவில், மேசை கிடைக்காமல்
(எல்லா மேசையிலும் காகிதக்குட்டைப் பொட்டலம்
ஆளில்லாமல் அமர்ந்திருந்தது)
நின்றபடி கடைசிப் பக்கம் பார்த்தோம்.
நன்றிப் பக்கம்: குழுவினர் ஐவரும்
பழுப்பரிசிச் சோறு உண்ணும் சித்திரம்.
அவர்களே கேட்டது.
நடுவில் இருப்பவர் தட்டில், குவியலின் ஓரம்,
ஆரஞ்சு நிறத்தில் ஒரு வளைவு. நகத்தளவு.
நான் சொல்லவே இல்லை.
சியூ வென் கோப்பியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்,
சர்க்கரை போடாத கோப்பியை.

ராத்திரி அச்சகத்திலிருந்து இளவழகன் கூப்பிட்டார்:
"கடைசிப் பக்கத்துல கறை மாதிரி ஒண்ணு தெரியுது.
எடுத்துடவா?"

"அது கேரட், அண்ணே" என்றேன்.
"விட்டுடுங்க."